வேகமும் கைங்கரியமும்

திருமலையில் வேங்கடவன் ஆலயத்தின் வடபுறத்தே விளங்கும் ஸ்வாமி புஷ்கரிணியில் நீராடி, அதன் கரையில் எழுந்தருளியிருக்கும் வராக மூர்த்தியை முதலில் சேவித்து, அதன் பின்னரே மூலவரின் சந்நிதிக்குச் செல்லுதல் வேண்டும் என்பது தொன்றுதொட்டு வந்த மரபு. பாவங்களைக் கழுவுவதற்கென்றே பூவுலகுக்கு வந்ததாகப் புராணங்கள் போற்றும் அந்தத் தீர்த்தம், ஆண்டுதோறும் பிரம்மோத்ஸவத்துக்கு முன்பாக ஏறத்தாழ ஒரு மாத காலம் மூடப்படுகிறது. நீர் முழுவதும் இறைக்கப்படுகிறது, சேறு அகற்றப்படுகிறது, படிகள் செப்பனிடப்படுகின்றன, மாலையில் நடைபெறும் புஷ்கரிணி ஆரத்தியும் அந்நாட்களில் நிறுத்தி வைக்கப்படுகிறது. ஏனைய நாட்களிலும் அந்நீர் வெறுமனே தேங்கிக் கிடப்பதில்லை. யந்திரங்கள் அதனை எடுத்து, சுத்திகரித்து, மீண்டும் குளத்திலேயே சேர்க்கின்றன.

நம்மைத் தூய்மைப்படுத்தும் தீர்த்தத்தை ஒரு மின்மோட்டார் தூய்மைப்படுத்த வேண்டியிருக்கிறதே என்று நகைப்பவர்கள் உண்டு. அந்த நகைப்புக்கு விடை கூறுவது எளிது. பிரதிஷ்டை செய்யப்பட்ட விக்கிரகத்தின் சாந்நித்தியத்தை எவரும் ஐயுறுவதில்லை. ஆயினும் அதற்கு நாள்தோறும் திருமஞ்சனம் செய்து, திருமேனியைத் துடைத்து, வஸ்திரம் மாற்றுகிறோம். புனிதம் என்பது இறைவன் அளிப்பது. சுத்தம் என்பது நாம் செலுத்துவது. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. ஆகவே புஷ்கரிணிக் கரையில் பம்பு இருப்பதில் எவ்வித முரண்பாடும் இல்லை. அதைவிடக் கடினமான கேள்வி வேறொன்று இருக்கிறது. அந்தப் பம்பு உண்ணும் மின்சாரத்தைக் குறைக்க முற்படுவது விவேகமா, அல்லது பகவத் கைங்கரியத்தில் கணக்குப் பார்க்கும் உலோபமா? சுருங்கச் சொன்னால், உழைப்பைக் குறைத்தால் பணியும் குறைந்துவிடுமா?

இந்தக் கேள்வியைத் திருமலை இன்றைக்குத்தான் முதன்முறையாகச் சந்திக்கிறது என்று எண்ண வேண்டாம். நீரைச் சுமப்பதையும் நீர்நிலை தோண்டுவதையும் பற்றி அந்த மலையில் வழங்கி வரும் இரண்டு வரலாறுகள் இதற்கு நேர் எதிரான இரண்டு விடைகளைக் கூறுகின்றன. முதலாவது, ராமாநுஜருக்கு மாமனும் ஆசாரியரும் ஆகிய திருமலை நம்பியைப் பற்றியது. அவர் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாபவிநாசத்திலிருந்து திருமஞ்சனத் தீர்த்தத்தை நாள்தோறும் தலையில் சுமந்து வந்தார். முதுமையிலும் விடாத அந்தப் பிரயத்தனத்தைக் கண்டு இரங்கிய பெருமான், வேடனாக வந்து, தாத்தா என்று அழைத்துத் தண்ணீர் கேட்டு, அவர் மறுக்கவே, குடத்தில் துளையிட்டு நீரைப் பருகிவிட்டு, திகைத்து நின்றவரை ஆலயத்துக்கு அருகிலேயே ஓரிடத்துக்கு அழைத்துச் சென்று, பாறையில் அம்பெய்து ஆகாச கங்கையைப் பெருகச் செய்தான் என்பது ஐதிகம். திருமஞ்சனம் நிற்கவில்லை, ஒரு குடமும் குறையவில்லை, குறைந்தது தூரம் மட்டுமே. திருமலையில் இன்றும் நடைபெறும் தண்ணீரமுது உத்ஸவம் அந்தத் தொண்டையே நினைவுகூர்கிறது.

இரண்டாவது, அனந்தாழ்வானைப் பற்றியது. ராமாநுஜரின் கட்டளையைச் சிரமேற்கொண்டு புஷ்ப கைங்கரியத்துக்காகத் திருமலைக்கு வந்த அவர், நந்தவனத்துக்கு நீர் வேண்டி, தாமும் கர்ப்பவதியான தம் பத்தினியுமாக ஓர் ஏரி தோண்டினார். மண் சுமக்க உதவ வந்த சிறுவனை, இந்தப் பணியில் பிறருக்குப் பங்கில்லை என்று விரட்டினார். அவன் மறைவாக அம்மையாரின் கூடையை வாங்கிச் சுமப்பதைக் கண்டபோது, கோபம் மேலிட்டுக் கையிலிருந்த கடப்பாரையை அவன்மீது வீசினார். காயம் பட்டதோ பெருமானின் திருமோவாயில். அதன் நினைவாகவே அங்கே பச்சைக் கற்பூரம் சாத்தப்படுகிறது என்பர். அந்தக் கடப்பாரையும் மகாத்துவாரத்தில் யாவரும் காணும்படி தொங்கவிடப்பட்டிருக்கிறது. ஒரு பக்தனின் சுமையைக் குறைத்த அதே பெருமான், சுமையைக் குறைக்க இசையாத மற்றொரு பக்தனின் ஆயுதத்தையும் தன் வாயிலிலேயே வைத்துக் கௌரவித்திருக்கிறான். எனவே, உழைப்பு முழுவதும் புண்ணியம் என்றும் சொல்ல முடியவில்லை. சிக்கனம் முழுவதும் சரி என்றும் சொல்ல முடியவில்லை. எந்த உழைப்பைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்று பகுத்தறிய ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. அந்த அளவுகோலைச் சாஸ்திரத்தில் தேடுவதற்கு முன், பம்பு அறையினுள் சற்று நுழைந்து பார்ப்பது நலம்.

புஷ்கரிணியாயினும் சரி, திருப்பதியிலும் சித்தூரிலும் விடுதிகளில் உள்ள நீச்சல் குளங்களாயினும் சரி, யந்திரத்தின் வேலை ஒன்றே: குளத்திலிருந்து நீரை வாங்கி, மணல் நிரப்பிய வடிகட்டியினூடே செலுத்தி, மீண்டும் குளத்துக்கே அனுப்புவது. அது சரிவர ஓடாதபோது மக்கள் பொதுவாகச் சொல்வது, மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்பதாகும். உண்மையில் எந்தப் பம்பும் நீரை இழுப்பதில்லை. சுழலும் இம்பெல்லர் தன் நடுவிலுள்ள நீரை வெளியே வீசி, அங்கே அழுத்தம் குறைந்த ஓர் இடத்தை உண்டாக்குகிறது. குளத்தின்மேல் கவிந்திருக்கும் காற்று மண்டலமே தன் பாரத்தால் நீரை அவ்விடத்துக்குத் தள்ளுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு டாரிசெல்லி இதனை விளக்கிய பிறகுதான், எத்தகைய பம்பாலும் ஏறத்தாழ பத்து மீட்டருக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்ச முடியாதது ஏன் என்பது உலகுக்குப் புலப்பட்டது. கடல் மட்டத்துக்கு மேல் 850 மீட்டருக்குக் குறையாத உயரத்திலுள்ள திருமலையிலோ காற்றின் அழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைவாதலால், அந்த எல்லையும் அவ்வளவு குறுகிவிடுகிறது.

வைணவ ஆசாரியர்களிடையே நெடுங்காலம் நடந்த ஒரு வாதம் இங்கே நினைவுக்கு வருகிறது. ஜீவன் தன் முயற்சியால் இறைவனைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பார் குரங்குக்குட்டியையும், இறைவனே ஜீவனைக் கவ்விச் செல்வான் என்பார் பூனைக்குட்டியையும் திருஷ்டாந்தமாகக் காட்டினர். பம்பின் இயல்பை நோக்கினால், முயற்சியின் வேலை இடத்தை ஒழித்துக் கொடுப்பது என்றும், நிரப்புவது வேறொரு சக்தியின் வேலை என்றும் இரு சாராருக்கும் இசைவான ஒரு பொருள் தோன்றக்கூடும். இதனைச் சித்தாந்தமாக நிறுவ யான் முற்படவில்லை. பழுது பார்ப்பவனுக்கு இது தரும் வழிகாட்டுதல் மட்டும் மிகத் தெளிவானது. நீர் வரவில்லையாயின், தள்ளும் சக்தி குறைந்துவிட்டது என்று ஐயுறுவதற்கு முன், வழி அடைபட்டிருக்கிறதா, இடத்தை வேறு ஏதேனும் நிரப்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கிறது. குளத்தின் நீர்மட்டம் உறிஞ்சு வாய்க்குக் கீழே இறங்கியிருக்கலாம். பம்பின் முன்னுள்ள கூடையில் இலையும் மயிரும் பூவும் அடைந்திருக்கலாம். கூடையின் மூடியிலுள்ள ரப்பர் வளையம் வெடித்துக் காற்று புகுந்திருக்கலாம். இம்பெல்லரின் இதழ்களுக்கிடையே ஒரு நூல் துண்டு சிக்கியிருக்கலாம். கண்ணாடி மூடியினுள் குமிழிகள் இடைவிடாது தோன்றினால் காற்று நுழைகிறது என்பது பிரத்தியட்சம். கூழாங்கற்களை அரைப்பது போன்ற ஓசை எழுந்தால், உறிஞ்சு பக்கத்தில் வழி குறுகி, நீரே அழுத்தக் குறைவினால் ஆவியாகி உடைகிறது என்று அறியலாம். மோட்டார் உறுமிக்கொண்டு மட்டும் இருந்து சுழலாவிடில், சுருள் எரிந்துவிட்டதென்று அவசரப்பட்டுக் காயில் கட்ட அனுப்புவதற்கு முன், மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு, தண்டு கையால் சுழல்கிறதா என்றும், கெபாசிட்டர் உப்பியிருக்கிறதா என்றும் ஒரு மின்பணியாளரைக் கொண்டு பார்க்கலாம். கீச்சிடும் ஓசை பேரிங்கின் முறையீடு. அடியில் ஒழுகும் நீர் மெக்கானிக்கல் சீலின் தேய்வு. வடிகட்டியின் அழுத்தமானி, சுத்தமாக இருந்த நாளில் காட்டியதைவிட எட்டுப் பத்துப் பவுண்டு அதிகமாகக் காட்டினால், எதிர்முகமாக நீர் செலுத்தி மணலை அலச வேண்டிய காலம் வந்துவிட்டது.

இவ்வளவையும் பாராமல், நீர் குறைகிறது என்றவுடன் ஒரு குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றி இரண்டு குதிரைத்திறனை மாட்டுவதே உலக வழக்கமாக இருக்கிறது. அடைபட்ட வழியில் அதிக பலத்தைச் செலுத்தினால் அடைப்பு நீங்குவதில்லை. அழுத்தம் மேலும் குறைந்து, காற்றும் ஆவியும் மிகுந்து, புதிய யந்திரமும் பழையதன் கதியையே விரைவில் அடைகிறது. அருகிலுள்ள ஸ்ரீ காளஹஸ்தி வாயு ஸ்தலம். காற்று நுழைய வழியற்ற கருவறையிலும் ஒரு தீபம் அசைந்துகொண்டே இருப்பதை அங்கே அடையாளமாகக் காட்டுவர். வெளியே நின்று நீரைத் தள்ளுவதும் அந்த வாயுவே; புகத்தகாத இடத்தில் ஒரு சிறு துளையின் வழியே புகுந்து அனைத்தையும் நிறுத்திவிடுவதும் அந்த வாயுவே.

சித்தூருக்கு அருகே, பாஹுதா நதிக்கரையில், முதலாம் குலோத்துங்க சோழனின் காலத்தில் எழுந்ததாகக் கூறப்படும் காணிப்பாக்கம் விநாயகர் ஆலயத்தின் ஐதிகம் இதைவிடவும் பொருத்தமானது. ஒருவர் கண்ணில்லாதவர், ஒருவர் செவியில்லாதவர், ஒருவர் பேச்சில்லாதவர் ஆகிய மூன்று சகோதரர்கள் ஏற்றம் இறைத்துப் பயிர் செய்துவந்தனர். ஒரு நாள் கிணற்றில் நீர் வற்றியது. ஒருவர் உள்ளே இறங்கித் தோண்ட, இரும்பு ஒரு கல்லில் பட்டு உதிரம் பெருகியது. அக்கணமே மூவரின் குறைகளும் நீங்கின. கிணற்றில் சுயம்புவாக விநாயகர் வெளிப்பட்டார். அவர் திருமேனியைச் சூழ்ந்து இன்றும் அந்தக் கிணற்று நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. பக்தர்கள் இதில் அற்புதத்தைக் காண்பார்கள், காண்பது முறையே. ஆயினும் அற்புதத்துக்கு முன் நிகழ்ந்ததையும் நாம் கவனிக்க வேண்டும். ஏற்றம் நீர் தராதபோது அந்தச் சகோதரர்கள் ஏற்றத்தைப் பெரிதாக்கவில்லை; கிணற்றுக்குள் இறங்கினார்கள். மேலும், பழுதைக் கண்டறிவதற்கு வேண்டுவன மூன்றே: ஓசையைக் கேட்கும் செவி, குமிழியைக் காணும் கண், கண்டதை உரியவரிடம் சொல்லும் வாய். இம்மூன்றும் குறைவின்றிப் பெற்ற நம்மவர்தாம் பம்பு அறையின் கதவைச் சாத்திவிட்டு, மின்கட்டணச் சீட்டு வரும் நாளில் மட்டும் வியப்படைகிறோம்.

இனி மின்சாரத்தின் கணக்குக்கு வருவோம். இதில்தான் நாம் தேடிய அளவுகோல் கிடைக்கிறது. இறைத்த நீர் இறைத்த மட்டத்துக்கே திரும்பும் குளத்தைப் போன்ற இடங்களில், பம்பின் வேலை முழுவதும் குழாயின் சுவர்களோடும் வளைவுகளோடும் மணலோடும் நீர் உராய்வதை வெல்வதிலேயே கழிகிறது. அங்கே சுழற்சியின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரின் அளவு பாதியாகும். தேவைப்படும் மின்திறனோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் குளத்தை 1,200 வாட் எடுக்கும் பம்பு ஆறு மணி நேரத்தில் ஒருமுறை சுழற்றுகிறது என்று கொள்வோம். அதற்கு ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். அதே பம்பைப் பாதி வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால், அதே ஒரு லட்சம் லிட்டரும் சுழன்றுவிடும்; கணக்கின்படி இரண்டு யூனிட்டும் ஆகாது. மோட்டாரின் இழப்புகளைச் சேர்த்து நடைமுறையில் இரண்டரை, மூன்று என்று வைத்துக்கொண்டாலும், பாதிக்கு மேல் மிச்சமாகிறது. குழாயின் விட்டத்தைப் பெரிதாக்குவதும், தேவையற்ற வளைவுகளை நீக்குவதும், வடிகட்டியைக் காலாகாலத்தில் அலசுவதும் இந்த இலாபத்தை மேலும் பெருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2021 ஜூலை முதல் புதிய நீச்சல் குளப் பம்புகளுக்கு ஆற்றல் திறன் விதியை நடைமுறைப்படுத்தி, பெரும்பாலானவற்றை வேகம் மாற்றத்தக்கனவாகவே செய்யும்படி ஆக்கியிருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் மலையேறும் நீருக்கு, வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் இந்தக் கணக்கு செல்லாது. கோகர்ப்பம், பாபவிநாசம், குமாரதாரா முதலிய அணைகள் திருமலையிலேயே இருந்தபோதிலும், மழை பொய்க்கும் காலத்தில் அடிவாரத்துக் கல்யாணி அணையின் நீரையும் மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது; 2024 ஆகஸ்டில் இருப்புக் குறைந்தபோது நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு தேவஸ்தானமே வேண்டுகோள் விடுத்தது. ஆயிரம் லிட்டர் நீரை 700 மீட்டர் உயர்த்துவதற்கு, யாதோர் இழப்பும் அற்ற ஒரு யந்திரத்தைப் படைத்தாலும், ஏறத்தாழ இரண்டு யூனிட் செலவழித்தே ஆக வேண்டும். அங்கே பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் மிச்சம் பிடிப்பதற்குப் பதிலாக, ஒரு சொட்டு நீரும் மேலே வராது.

உழைப்பு இருவகைப்படும் என்பது இதனால் பெறப்படுகிறது. உயரம் கேட்கும் உழைப்பு ஒன்று; அது பிரகிருதியின் நியதி; அதனைக் குறைக்க முயன்றால் காரியமே கெடும். வேகம் கேட்கும் உழைப்பு மற்றொன்று. அது நம்முடைய அவசரத்துக்கு நாம் செலுத்தும் அபராதம். அதனைக் குறைத்தால் காரியம் சிறிதும் கெடாது. திருமலை நம்பிக்குப் பெருமான் செய்த உபகாரம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது: அபிஷேகத்தில் கை வைக்காமல், அதற்குச் சம்பந்தமில்லாத தூரத்தை மட்டும் நீக்கினான். அனந்தாழ்வானோ தம் ஏரியை உயரம் போன்றதாகவே கருதினார். வேறொருவர் சுமந்தால் அது தம் கைங்கரியம் ஆகாது என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் பிழையில்லை. ஆகவே கடப்பாரை மகாத்துவாரத்தில் இடம்பெற்றது. ஆயினும் அந்த வைராக்கியம் கர்ப்பவதியின் தலைச்சுமையையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டபோது எல்லை கடந்தது. அதனால் விளைந்த காயத்துக்கு இன்றளவும் கற்பூரம் சாத்த வேண்டியிருக்கிறது. தவம் என்று எண்ணி உராய்வைப் பெருக்கிக்கொள்ளும்போது அதன் செலவைச் சுமப்பவர் பெரும்பாலும் வேறு யாரோ ஒருவராகவே இருக்கிறார்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். எப்போதும் மெதுவாக ஓட்டினால் நீர் கெட்டுவிடாதா என்பது முதலாவது. மெதுவாகச் செல்லும் நீரில் மணல் நுண்ணிய அழுக்கையும் நன்றாகப் பிடிக்கிறது. எனினும் மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெயையும் பூவிதழையும் வாரி எடுக்கவும், வடிகட்டியை அலசவும் முழு வேகம் சிறிது நேரம் வேண்டும். பிரம்மோத்ஸவத்தின் கடைசி நாளில், சக்கர ஸ்நானத்தின்போது ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் மூழ்கும் குளத்துக்கும், ஆளரவமற்ற ஒரு மழை நாளின் குளத்துக்கும் ஒரே விதி பொருந்தாது. கீதை ஆறாம் அத்தியாயத்தில் உணவிலும் உறக்கத்திலும் செயலிலும் யுக்தமாக இருப்பவனுக்கே யோகம் கைகூடும் என்று கூறுவது, எப்போதும் குறைவாக இரு என்பதற்கன்று. வேளைக்குத் தகுந்த அளவை அறிந்திரு என்பதற்காகவே.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. மிச்சப்படுத்திய சக்தி நற்காரியத்துக்கே போகும் என்பதற்கு என்ன உறுதி? ஆந்திர நாட்டில் 2004 முதல் உழவர்களின் பம்புகளுக்கு இலவச மின்சாரம் கிடைத்தது. கடன்பட்ட விவசாயிக்கு அது பெருந்துணையாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மின்சாரம் வந்தவுடன் தானே இயங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பொருத்திவிட்டு, வரப்பில் ஒருவரும் இல்லாத வேளையில் நீர் ஓடிக்கொண்டிருக்கும் காட்சியும் அதனுடன் சேர்ந்தே வந்தது. மழை குறைந்த சித்தூர்ச் சீமையில் திறந்த கிணறுகள் வறண்டு, ஆழ்துளைக் கிணறுகள் மேலும் மேலும் கீழே சென்றன. ஏற்றம் இறைத்தவன் நீரின் மட்டம் ஒரு சாண் இறங்கியதைத் தன் தோளால் அறிந்தான். பொத்தானை அழுத்துபவனுக்கு அந்த அறிவு கிடைப்பதில்லை. உழைப்போடு கூடவே கவனமும் போய்விட்டது என்பதே இங்கு நேர்ந்த நஷ்டம்.

ஆகவே முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவாகும்: சக்தியைக் குறைப்பதனால் கைங்கரியம் குறைவதில்லை, சிரத்தையைக் குறைப்பதனாலேயே குறைகிறது. முற்காலத்தில் உழைப்பு இருந்த இடத்தில் கவனமும் தானாகவே இருந்தது. ஆதலால் அவ்விரண்டையும் ஒன்றென மயங்குவது எளிதாயிற்று. யந்திரம் அவற்றைப் பிரித்துவிட்டது. மெதுவாக, நெடுநேரம் ஓடும் பம்பு, விரைந்து ஓடி நிற்கும் பம்பைவிட அதிகக் கவனிப்பையே கேட்கிறது: வாரந்தோறும் கூடையைத் திறக்க ஒருவர் வேண்டும், அழுத்தமானியை நோக்கிக் குறித்து வைக்க ஒருவர் வேண்டும், ஓசை மாறினால் செவிசாய்க்க ஒருவர் வேண்டும். மின்சாரத்தில் மிச்சமாவதைக் கவனத்தில் செலவிட மனமில்லாதவர், சிக்கனத்தின் பெயரால் சோம்பலையே வளர்ப்பவராவார்.

ஆலய நிர்வாகிகளும் விடுதி நடத்துவோரும் தங்கள் பம்பு அறையில் பெரிய மோட்டாருக்கு அனுமதி அளிப்பதற்கு முன், கூடையைக் கடைசியாகத் திறந்தவர் யார், என்றைக்கு என்று கேட்பார்களாயின் பாதிச் செலவு அக்கேள்வியிலேயே நின்றுவிடும். எஞ்சும் மின்சாரம் உராய்வில் கழியாமல், உயரம் ஏறியே தீர வேண்டிய நீருக்குச் செல்லட்டும். படியேறி வரும் யாத்திரிகனுக்கு ஒரு குவளைக் குடிநீராக அது முடியுமானால், அச்சிக்கனத்தையும் கைங்கரியம் என்றே அழைப்பதில் தடையொன்றும் இல்லை.